ஹாங்காங்கில் ஹலால் டிம் சம் தேடி

"மாமா, ஹார் காவ் ஹலாலா, ஹராமா?"

2023 டிசம்பரில், ஹாங்காங் நகரின் சிம் ஷா சுய் பகுதியில் என் மூத்த சகோதரியின் வீட்டில் தங்கியிருந்தேன். ஓர் இரவு இஷாத் தொழுகைக்குப் பின் பன்னிரண்டு வயது மருமகன் அருகில் வந்தமர்ந்து கேட்ட கேள்வி இது. ஹார் காவ் என்றால் என்னவென்றே அன்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மதரஸாவில் பல்லாண்டுகளாகப் பாடம் நடத்துகிறவனுக்கு அந்தச் சொல் அத்தனை எளிதில் நாவில் வருவதில்லை. "சீனர்களின் பலகாரம்தானே? வேண்டாமென்று விட்டுவிடு" என்று சொல்லி முடித்தேன். அவனும் தலையசைத்துவிட்டு எழுந்து போனான்.

பிறகுதான் ராத்தா முழுக் கதையையும் சொன்னார்கள். மருமகன் படிப்பது சீனப் பிள்ளைகள் பயிலும் பள்ளியில். அவனுடைய தோழர்கள் ஞாயிறுதோறும் தாத்தா, பாட்டி, பெற்றோர் என்று குடும்பத்தோடு தேநீர் விடுதிக்குச் செல்வார்கள், இவனையும் அழைப்பார்கள். என்ன சொல்லி மறுப்பதென்று அறியாத பிள்ளை, "வயிற்று வலி" என்று சொல்லியிருக்கிறான். ஒருமுறையல்ல, நான்கு முறை. ஐந்தாம் முறை ஒரு தோழனின் தாயாரே ராத்தாவைத் தொலைபேசியில் அழைத்து, "பிள்ளையை நல்ல மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்று கவலையோடு விசாரித்திருக்கிறார்.

"பன்றியைத் தின்னாமல் காப்பாற்றிவிட்டேன் தம்பி. பொய்யைத் தின்னப் பழக்கிவிட்டேன் போலிருக்கிறது" என்றார்கள் ராத்தா. அன்றிரவு எனக்கு நல்ல உறக்கம் வரவில்லை. கேட்டவன் ஒரு சட்டத்தைக் கேட்டான். நான் ஒரு கதவைச் சாத்தினேன்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு அவனை எழுப்பி, "வா, நாமே தேடிப் பார்ப்போம்" என்றேன். பள்ளி விடுமுறைக் காலம். அவனுக்குக் கன்டோனீஸ் மொழி தாய்மொழி போல வரும். மார்க்கச் சட்டம் என் பொறுப்பு, மொழி அவன் பொறுப்பு என்று உடன்பாடாயிற்று.

நம் வாசகர்களில் பலருக்கு டிம் சம் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். தென்சீனத்தின் குவாங்சோ நகரத் தேநீர்க் கடைகளில் வளர்ந்து, ஹாங்காங்கில் கொடிகட்டிப் பறக்கும் சிற்றுண்டி வகை அது. உள்ளத்தைத் தொடுவது என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். அதை உண்ணப் போவதை அவர்கள் "உண்ணப் போகிறோம்" என்று சொல்வதில்லை. "யாம் சா", அதாவது தேநீர் குடிக்கப் போகிறோம் என்பார்கள். காலை முதல் பிற்பகல் வரைதான் அதற்குரிய வேளை. வட்ட மேசையைச் சுற்றிக் குடும்பமே அமர்ந்து, உள்ளங்கையளவு மூங்கில் கூடைகளில் ஆவி பறக்க வரும் மூன்று நான்கு துண்டுகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். காயலிலும் கீழக்கரையிலும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டு பழகிய நமக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

மருமகன் கேட்ட ஹார் காவ் என்பது இறால் கொழுக்கட்டை. பாலாடை போல ஒளி ஊடுருவும் மேலுறை, உள்ளே முழு இறால். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் கடற்கரையோர மக்களாகிய நமக்கு இறாலில் தடையேதும் இல்லை. ஹனஃபி அன்பர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அப்படியானால் "ஹலால்" என்று உடனே சொல்லிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துப் படியேறினேன்.

முதலில் சென்றது வீட்டுக்கு அருகிலிருந்த பெரியதொரு தேநீர் விடுதி. நூற்றுக்கணக்கானோரின் பேச்சொலி, பீங்கான் கிண்ணங்கள் மோதும் ஓசை. நல்ல டிம் சம் கடைக்கு இந்த இரைச்சலே முதல் அடையாளம் என்கிறார்கள். கூட்டம் இருந்தால்தான் கூடைகள் தேங்காமல், அவ்வப்போது அவித்தது மேசைக்கு வரும். முன்பெல்லாம் பெண்கள் தள்ளுவண்டியில் கூடைகளை அடுக்கிக் கூவி வருவார்களாம். இப்போது பெரும்பாலான இடங்களில் அச்சிட்ட சீட்டில் குறியிட்டுக் கொடுக்க வேண்டும்.

மருமகன் அந்தச் சீட்டைப் படித்துக் காட்டியபோது ஒரு செய்தி அறிந்தேன். சீனமொழியில் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி என்று அடைமொழியோடு எழுதினால் அந்தந்த இறைச்சி. அடைமொழி இல்லாமல் வெறுமனே "இறைச்சி" என்று எழுதினால் அது பன்றிதான். நம் நாட்டவர் பலர் ஏமாறும் இடம் இது. சியூ மாய் என்ற மஞ்சள் மேலுறைப் பலகாரத்தின் பெயரில் இறைச்சி என்ற சொல்லே இல்லை. ஆனால் வழக்கமாக உள்ளே இருப்பது பன்றியும் இறாலும் கலந்த பூரணம்.

பரிமாறும் பெண்மணி வந்தார், அறுபதை எட்டியிருக்கும். மருமகன் பணிவோடு, "இந்த இறால் பலகாரத்தில் பன்றி சேர்கிறதா?" என்று கேட்டான். அவர் உள்ளே சென்று சமையற்காரரிடம் விசாரித்துவிட்டே திரும்பினார். இறால் பூரணம் மென்மையாக இருக்கப் பன்றிக் கொழுப்பைப் பொடியாக நறுக்கிச் சேர்க்கிறோம் என்றார். காய்கறிப் பலகாரங்களிலும் சிலவற்றின் மாவில் அந்தக் கொழுப்பு உண்டு, முள்ளங்கிப் பணியாரத்தில் பன்றி வற்றல் உண்டு, எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் வைத்துத்தான் அவிக்கிறோம் என்றும் கூறினார். கடைசியில், "உங்களுக்கு இங்கே தேநீரும் பழமும்தான் சரி, தம்பி" என்று அவனுடைய தோளைத் தட்டினார்.

அந்தப் பெண்மணியை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஒரு வார்த்தை, "இல்லை" என்று சொல்லியிருந்தால் வியாபாரம் நடந்திருக்கும். முஸ்லிமல்லாத ஒருவர் நம் பேணுதலை நம்மைவிடக் கவனமாகக் காத்துத் தருகிறார்! மூங்கில் கூடையைப் பற்றி அதுவரை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. பன்றியின் ஈரம் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்று ஷாபிஈ சட்ட நூலைப் பாடம் நடத்துகிறவன் நான். நீரை உறிஞ்சும் மூங்கிலில், நாள்தோறும் ஆயிரம் முறை அவியும் கூடையில், அந்தப் பாடம் எவ்வளவு நடைமுறையானது என்பது அங்கேதான் உறைத்தது.

அடுத்து ஒரு தங்கும் விடுதியின் உணவகம். பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பும் இல்லை என்று வாயிலில் எழுதியிருந்தார்கள். மருமகன் முகம் மலர்ந்தது. கோழி எங்கே, யாரால் அறுக்கப்பட்டது என்று கேட்டோம், தெரியவில்லை. இறைச்சியை ஊறவைக்க அரிசி மது சேர்ப்பதுண்டா என்று கேட்டோம், சிறிதளவு என்றார்கள். பன்றி இல்லாததெல்லாம் ஹலால் என்று நம் வீடுகளிலும் ஒரு நினைப்பு உலவுகிறது. அறுப்பும் மதுவும் அதே அளவு முக்கியமல்லவா? ஐயத்திற்குரியவற்றை விட்டு விலகுவது பற்றிய நபிமொழியை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்குகிறேன். பசியோடு, ஒரு பிள்ளையின் வாடிய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை விளக்குவது வேறு பாடம்.

புத்த சமயத்தாரின் சைவ விடுதிக்குப் போகலாமா என்றும் யோசித்தோம். அங்கே மாவிலும் காளானிலும் பன்றி இறைச்சியைப் போலவே செய்து வைக்கிறார்களாம். உண்மைப் பன்றிக்கு அஞ்சி ஓடிப் பொய்ப் பன்றியிடம் போவானேன் என்று விட்டுவிட்டோம்.

வீடு திரும்பியதும் மச்சான் சிரித்தார். மாணிக்க வணிகத்திற்காக இங்கு வந்து முப்பதாண்டுகள் ஆயின அவருக்கு. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் இவ்வணிகத்தில் இங்கே பெயர் பெற்றவர்கள். "முப்பது வருஷமாக நான் அந்தப் படியை மிதித்ததில்லை. சோறும் மீனாணமும் இருக்கும்போது அது எதற்கு மச்சான்?" என்றார். அவருக்கு அது எதற்குமில்லைதான். இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, இந்த ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்கிறவனுக்கு அது எதற்கு என்பதே கேள்வி.

வழி காட்டியது நாதன் சாலையிலுள்ள கவ்லூன் பள்ளிவாசல். 1896-ல் பிரிட்டிஷ் இந்தியப் படையின் முஸ்லிம் வீரர்களுக்காக எழுந்து, 1984-ல் புதிய கட்டடமாகத் திறக்கப்பட்ட பள்ளி அது. அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது அறிமுகமான ஒரு பாகிஸ்தானிய அன்பர், "வான் சாய் பள்ளிவாசலின் ஐந்தாவது மாடிக்குப் போனீர்களா?" என்று கேட்டார். முப்பதாண்டுகளாக இங்கிருக்கும் மச்சானுக்கும் அந்தப் பள்ளி தெரியும். மாடியிலுள்ள சமையற்கூடம்தான் தெரியாது.

மறுநாள் கப்பலேறிக் கடலைக் கடந்தோம். கப்பல் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். சிம் ஷா சுய் துறையிலிருந்து வான் சாய்க்குச் செல்லும் படகுதான், சில நிமிடப் பயணம். அந்தக் கரையில் 1904 முதல் ஓடும் டிராம் வண்டிகள் மணியடித்துக்கொண்டு செல்கின்றன. அரசி எலிசபெத் விளையாட்டரங்கம் இருக்கும் ஓய் குவான் சாலையிலேயே, 40-ஆம் எண்ணில் நிற்கிறது மஸ்ஜித் அம்மார், ஒஸ்மான் ராம்ஜு ஸாதிக் இஸ்லாமிய மையம். எட்டு மாடிக் கட்டடம். ஹேப்பி வேலி முஸ்லிம் அடக்கத்தலத்தை ஒட்டி இருந்த பழைய பள்ளிவாசல், அபர்டீன் சுரங்கப் பாதைக்காக அகற்றப்பட்டபோது, அதற்கு மாற்றாக 1981-ல் எழுந்தது இது. இடம் அரிதான ஊரில் பள்ளிவாசலும் மேல்நோக்கித்தான் வளர வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தொழுமிடங்கள், நூலகம், வகுப்பறைகள், ஐந்தாம் மாடியில் உணவுக்கூடம்.

அலங்காரம் ஏதுமில்லாத கூடம் அது. மேசை விரிப்பும் சாதாரணம், நாற்காலியும் சாதாரணம். இந்தோனேசியப் பெண்கள், பாகிஸ்தானியக் குடும்பம், பணியிடைவேளையில் வந்த சீன அலுவலர்கள் என்று பல முகங்கள். முஸ்லிமல்லாத சீனர்களும் அங்கே விரும்பி வந்து உண்பதைக் கண்டபோதே உணவின் தரம் விளங்கிவிட்டது. தேநீர் விடுதியின் உண்மைத் தன்மையை அறிய வேண்டுமானால், உள்ளூர் முதியவர்கள் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இடம் நிரம்பியிருந்ததால், தொப்பியணிந்த சீனப் பெரியவர் ஒருவரின் மேசையில் எங்களையும் அமர்த்தினார்கள். ஸலாம் சொன்னோம், நிறைவாகப் பதில் சொன்னார். அடுத்து நான் ஒரு காரியம் செய்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. "ஐயா எப்போது இஸ்லாத்தைத் தழுவினார் என்று கேள்" என்றேன் மருமகனிடம். அவன் தயங்கினான். "கேட்கவா மாமா?" என்று மீண்டும் என்னைப் பார்த்தான். "கேள்" என்றேன்.

பெரியவர் அவனுடைய கன்டோனீஸ் மொழியைக் கேட்டு முதலில் வியந்தார். பிறகு கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். பதிலை மருமகன் தலைகுனிந்தபடி மொழிபெயர்த்தான்: "எங்கள் வம்சத்தில் யார் முதலில் தழுவினார் என்று கணக்கில்லையாம். பல தலைமுறையாக முஸ்லிம்களாம். 'உன் மாமா எப்போது தழுவினார்?' என்று கேட்கிறார்."

நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது? அரபி தெரிந்த தமிழனான எனக்கு, சீன முகத்தைக் கண்டதும் "புதியவர்" என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது?

அவருடைய முன்னோர் ஊர் குவாங்சோ. அந்நகரின் ஹுவாய்ஷெங் பள்ளிவாசலில், முத்து நதியில் வந்த மரக்கலங்களுக்கு வழிகாட்டிய உயர்ந்த மினாரா இன்றும் நிற்கிறது. அப்பள்ளியை நபித்தோழர் ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நிறுவியதாக அங்குள்ள மக்கள் நம்புகிறார்கள். வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை என்றாலும், பள்ளியின் தொன்மையை எவரும் மறுப்பதில்லை. 14-ஆம் நூற்றாண்டில் நம் மதுரைக்கு வந்து சென்ற இப்னு பதூதா, பின்னர் சீனம் சென்று, குவாங்சோவில் முஸ்லிம்கள் வாழும் தனிப் பகுதியையும் அவர்களுடைய பள்ளிவாசலையும் குறிப்பிட்டிருக்கிறார். நம் கடற்கரையைத் தொட்ட அதே வணிகப் பாதைதான் அந்தக் கரையையும் தொட்டது. டிம் சம் பிறந்து வளர்ந்த நகரில், டிம் சம் தோன்றுவதற்கு முன்பே முஸ்லிம்கள் இருந்தார்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பன்றி இல்லாத டிம் சம் போலி, வெளிநாட்டு முஸ்லிம்களுக்காகச் செய்த மாற்றுப் பண்டம் என்று பலர் கருதுகிறார்கள். பெரியவரிடம் அதையும் கேட்டேன், இம்முறை சற்றுப் பணிவாக. அவர் பதில் சொல்லாமல், அப்போதுதான் வந்த ஹார் காவ் கூடையின் மூடியைத் திறந்து, குச்சியால் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். மேலுறை கோதுமை மாவிலிருந்து புரதத்தை நீக்கி எடுத்த மாப்பொருளால் ஆனது. அதில் கொதிநீரை ஊற்றிப் பிசைய வேண்டும், நீர் ஆறியிருந்தால் மாவு வேகாமல் உடைந்துவிடும். நம் வீட்டுப் பெண்கள் இடியாப்ப மாவுக்குக் கொதிநீர் ஊற்றும் அதே பக்குவம்! தூக்கும்போது கிழியக்கூடாது, கூடைத் தாளில் ஒட்டக்கூடாது, உள்ளிருக்கும் இறாலின் செந்நிறம் வெளியே தெரிய வேண்டும், மடிப்புகள் நெருக்கமாக இருக்க வேண்டும், கடித்தால் இறால் நறுக்கென்று இருக்க வேண்டும். "இதில் பன்றிக்கு என்ன வேலை?" என்று முடித்தார். சீன முஸ்லிம்கள் தம் உணவகங்களில் எழுதி வைக்கும் சொல், தூய்மை, உண்மை என்ற பொருள் கொண்ட இரண்டு எழுத்துகளால் ஆனதாம். மருமகன் அவற்றைக் கைத்தாளில் எழுதி எனக்குக் கற்றுத் தந்தான். இப்போது நானும் அவ்விரண்டு எழுத்துகளைப் படிப்பேன்.

கோழி சேர்ந்த சியூ மாய் வந்தது. தாமரை இலையில் பொதிந்து அவித்த பசையரிசிச் சோறு வந்தது. லோ மாய் காய் என்பது பெயர். இலையை விரித்ததும் எழுந்த மணத்தை எழுத்தில் தர இயலாது. மலாய்ப் பணியாரம் என்று பொருள்படும் மா லாய் கோ என்னும் பஞ்சு போன்ற இனிப்பும் உண்டு. மலாய் நாட்டாருக்கு அதில் என்ன பங்கு என்பதை அந்த மேசையில் யாராலும் விளக்க முடியவில்லை.

இடையே பெரியவர் மருமகனின் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினார். அவன் பேசிக்கொண்டே இரண்டு விரல்களால் மேசையை மெல்லத் தட்டினான். அது நன்றி சொல்லும் முறையாம். மாறுவேடத்தில் சென்ற ஒரு பேரரசர் தம் பணியாளுக்குத் தேநீர் ஊற்ற, விழுந்து வணங்க இயலாத நிலையில் அவர் விரல்களை மடக்கித் தட்டினார் என்றொரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், அந்தப் பழக்கத்தை அவனுக்கு எந்த வீட்டிலும் யாரும் கற்பிக்கவில்லை. தேநீர் விடுதியில் ஒருநாளும் அமர்ந்திராத பிள்ளை, தோழர்கள் பேசக் கேட்டே கற்று வைத்திருந்தான். பெரியவர் அதைக் கவனித்தார். ராத்தாவுக்கு இதைச் சொன்னபோது கண் கலங்கிவிட்டார்கள்.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள்: பகலுக்கு முன்பே செல்லுங்கள், தாமதித்தால் நல்லவை தீர்ந்துவிடும். வெள்ளி ஜும்ஆவுக்குப் பின்னும், விடுமுறை பெற்ற இந்தோனேசியப் பணிப்பெண்கள் திரளும் ஞாயிறன்றும் நெரிசல் இருக்கும். தேநீர்ப் பாத்திரத்தின் மூடியைச் சற்றே திறந்து வைத்தால் வெந்நீர் வேண்டுமென்று பொருள், கூப்பிட வேண்டியதில்லை. நகரின் பிற உணவகங்களில் ஹலால் சான்றிதழ் கேட்டால், ஹாங்காங் இஸ்லாமியச் சமூக நிதியின் அறங்காவலர் குழு வழங்கியதா என்று பாருங்கள். 2024 முதல் அங்குள்ள சுற்றுலா வாரியம் முஸ்லிம் பயணிகளின்மீது கவனம் செலுத்துவதால், சான்று பெற்ற இடங்கள் பெருகி வருகின்றன.

நான் ஊர் திரும்பும் முன் ஒரு ஞாயிறு வாய்த்தது. மருமகன் தன் தோழர்கள் மூவரையும், வயிற்று வலியைப் பற்றி விசாரித்த அந்தத் தாயாரையும் வான் சாய்க்கு அழைத்தான். முதலில் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது நான் விதித்த ஒரே நிபந்தனை. தொலைபேசியில் சொன்னான். "முன்பே சொல்லியிருந்தால் முன்பே அங்கே போயிருக்கலாமே" என்றாராம் அவர்.

மச்சானும் வந்தார், பிள்ளைகளுக்குக் காவலாக மட்டும் வருவதாகச் சொல்லிக்கொண்டுதான் வந்தார். தேநீர் போதும் என்று கைகட்டி அமர்ந்திருந்தவர்முன் மருமகன் ஒரு லோ மாய் காயை வைத்து இலையைப் பிரித்தான். மச்சான் குனிந்து முகர்ந்தார். ஒரு வாய் உண்டார். எதுவும் சொல்லவில்லை. இலையில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கை வரை வழித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "இன்னொன்று இருக்கிறதா என்று கேள் மகனே" என்றார்.

அதற்குள் அது தீர்ந்துவிட்டிருந்தது.